ஒத்தி அண்ணாச்சி படுத்துப் பார்த்த அறை

நாகர்கோவிலில் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குக் காற்று வரும் என்பது கடவுளுக்கு அடுத்தபடியாக ஒத்தி அண்ணாச்சி ஒருவருக்குத்தான் தெரியும். கடவுளுக்காவது செட்டிகுளம் பக்கத்துச் சில சந்துகளில் சந்தேகம் வரலாம். அண்ணாச்சிக்கு வராது. "மேக்க பாத்த ரெண்டாவது அறை. மூணே கால் மணிக்கு வரும், அஞ்சுக்கு நிக்கும்" என்பார். நாம் போய் மூன்று மணிக்கு உட்கார்ந்தால் கால் மணி நேரம் வியர்க்கும். பிறகு சுவரில் காலண்டர் படபடக்கத் தொடங்கும்.

அவர் வீட்டுத் தரகர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கடைக்காரருக்கு வேண்டுமானால் அது தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் ஒத்தி அண்ணாச்சி. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒத்தி என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரிடம் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியேற வேண்டியது. மாத வாடகை கிடையாது. காலம் முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கொடுத்த தொகை அப்படியே கைக்கு வரும். எங்கள் ஊரில் எத்தனையோ கல்யாணங்கள் ஒத்திப் பணம் திரும்பி வந்த கையோடு நடந்தவை.

அண்ணாச்சி உலகத்தில் உள்ள சகலத்தையும் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்: வாடகை, ஒத்தி, கிரயம். சர்க்கார் வேலை ஒத்தி, கடைசியில் பி.எஃப். திரும்பி வருகிறதே. தலைமுடி வாடகை, அதிலும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்கூடக் கொடுக்காது. பெண்டாட்டி கிரயம். "பத்திரம் முடிஞ்சாச்சு மக்கா, இனி வில்லங்கம் பாத்து என்ன பிரயோசனம்?" என்று மனைவியை வைத்துக்கொண்டே சொல்வார். அந்த அக்கா அதிகம் பேச மாட்டார். "கிரயம் முடிச்சது நானாக்கும். சொத்துதான் அவரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார்.

அண்ணாச்சி வீடு பார்க்கும் முறையை வேறு எந்த ஊரிலும் கண்டதில்லை. ஒரு கையில் சாவிக்கொத்து, தோளில் ஈரிழைத் துண்டு. கதவைத் திறப்பார். சுவரைத் தட்ட மாட்டார், குழாயைத் திறக்க மாட்டார், வாஸ்து பேச மாட்டார். தரையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். சரியாக இருபது நிமிஷம். வீடு பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி நிற்க வேண்டியதுதான். முதன்முறை பார்க்கிறவர்கள் ஆளுக்கு நெஞ்சு வலி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடுவார்கள்.

ஒருமுறை ஒரு கல்லூரிப் பேராசிரியர் மாடி வீடு ஒன்றை ஆசை ஆசையாகப் பார்த்தார். டைல்ஸ், பால்கனி, கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. அண்ணாச்சி படுத்தார், எழுந்தார், துண்டை உதறினார். "வேண்டாம்" என்றார்.

"ஏன் அண்ணாச்சி?"

"கீழ் வீட்டுல மோட்டாரு ஓடுகு. தரை முனங்குகு. நீங்க படிக்கப்பட்ட ஆளு, தாங்க மாட்டீய."

பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு தரகரைப் பிடித்து அதே வீட்டை எடுத்தார். மூன்று மாதம் கழித்துக் கல்லூரி நூலகத்தின் கடைசி மேஜையில் அவர் மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்ததை அவருடைய மாணவர்களே பார்த்திருக்கிறார்கள்.

நான் மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் ஒரு கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது எனக்கும் வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். இராமன்புதூர் பக்கம், ஒத்திக்கு. படுத்தார், எழுந்தார், "கொள்ளாம்" என்றார். அதற்கு மேல் அவர் எந்த வீட்டையும் புகழ்ந்ததில்லை. இன்றுவரை அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

அங்கே குடிவந்த சில வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் பூட்டியே கிடக்கும் ஒரு வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருப்பதைப் பார்த்தேன். எட்டிப் பார்த்தால் உள்ளே அண்ணாச்சியும் அக்காவும். பாய் விரித்திருக்கிறது. தூக்குச்சட்டியில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். பக்கத்தில் செல்போனில் பாட்டு. அண்ணாச்சி முண்டா பனியனோடு ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இங்க?"

"டூர் வந்திருக்கோம்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலி வீட்டை வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அதனால் வீட்டுக்காரர்களே சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்து வைப்பார்கள். அவர் அந்த வேலையைத் தன் குடும்பச் சுற்றுலாவாக மாற்றியிருந்தார். ஒரு ஞாயிறு பார்வதிபுரம், ஒரு ஞாயிறு கோட்டாறு, விசேஷமென்றால் பூதப்பாண்டியில் வயல் பார்த்த மச்சு வீடு. "சன்னலத் தெறந்தா வயலு, காத்து, ஆளரவம் கிடையாது. எவன் மக்கா எனக்கு மேல டூர் போயிருக்கான்?" என்று கேட்டார். அக்கா எனக்கு ஒரு இலையில் மரச்சீனி வைத்தார். நானும் அன்று அரைமணி நேரம் டூர் போனேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அது கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

மஸ்கட்டில் இருந்த பன்னிரண்டு வருஷமும் ஒவ்வொரு லீவுக்கும் நான் என் மனைவி ஜாஸ்மினிடம் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: "அடுத்த லீவுக்கு எங்கேயாவது போவோம்." லீவோ முப்பது நாள். அதில் எட்டுக் கல்யாணம், நாலு புதுவீட்டுப் பால்காய்ப்பு, ஒரு சபை அசன விருந்து, சித்தப்பா வீட்டு எல்லைத் தகராறு, பல் டாக்டர். முப்பத்தோராம் நாள் விமானம். நிரந்தரமாகத் திரும்பிய பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. ஆனாலும் போகவில்லை. சும்மா இருப்பவனுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பதை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் ஜவுளிக்கடை வாசலில் மேஜை போட்டு அதிர்ஷ்டச் சீட்டு என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். ஜாஸ்மின் நின்று நிரப்பினாள். பெயர், செல் நம்பர். 'நீங்கள் போக விரும்பும் இடம்' என்ற கட்டத்தில் அவள் எழுதியதை அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். 'எங்கேயாவது' என்று எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பார்க்காதவன்போல ஆட்டோ பிடிக்கப் போய்விட்டேன்.

நாலு நாளில் போன் வந்தது. அதிர்ஷ்டசாலித் தம்பதியாக எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். கன்னியாகுமரியில் ஒரு பெரிய ஓட்டலில் கூட்டம், சாப்பாடு, பரிசு. கணவன் மனைவி இருவரும் கட்டாயம் வரவேண்டும். விஷயம் இதுதான்: நாலு லட்சம் கட்டினால் இருபத்தைந்து வருஷத்துக்கு, வருஷம் ஒரு வாரம், மலையிலோ கடற்கரையிலோ அவர்களுடைய விடுதியில் தங்கலாம். டைம்ஷேர் என்று பெயர்.

"வாடகை?" என்று கேட்டேன்.

"நோ ரென்ட் சார். ஒரே பேமென்ட்."

மொத்தமாகத் தொகை, வாடகை கிடையாது, இத்தனை வருஷக் காலம். ஒத்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிற எங்கள் ஊர்க்காரன் வேறு என்ன நினைப்பான்? நான் ஜாஸ்மினிடம் சொன்னேன், அவளும் அதையேதான் நினைத்தாள். "பேங்க்ல கிடக்கிற பணம் அங்க கிடக்கட்டும். இருவத்தஞ்சு வருஷம் கழிச்சு திரும்பி வருமில்லா, அதுவரைக்கும் ஓசில டூரு" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு, "ஆனா ஒரு ஒத்தி எழுதுகோம். அண்ணாச்சி இல்லாம எப்படி?" என்றாள்.

அண்ணாச்சியிடம் போனோம். மலையில் ஒத்தி என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நாலு லட்சத்துக்கு மலைல ஒத்தியா? இருவத்தஞ்சு வருஷமா? எனக்க சர்வீஸ்ல கேட்டதில்லியே மக்கா! சன்னலு எந்தப் பக்கம்?"

தம்பதியாகத்தான் வரவேண்டும் என்பதால் அக்காவையும் கிளப்பினார். சனிக்கிழமை காலையில் நாலு பேரும் என் காரில் புறப்பட்டோம். அண்ணாச்சி புது வேட்டி. தோளில் அதே துண்டு. அக்கா, எதற்கும் இருக்கட்டும் என்று, தூக்குச்சட்டியில் புளிசாதம் எடுத்து வந்திருந்தார்.

கூடம் முழுக்க வட்ட மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தம்பதி, ஒரு விற்பனைக்காரப் பையன். யாராவது கையெழுத்துப் போட்டால் ஒருவர் மணி அடிப்பார், கூடமே கைதட்டும். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று கைதட்டினார். "நல்ல காரியம் நடக்கும்பம் தட்டணும்லா" என்றார். எங்களுக்கு வாய்த்த பையன் டை கட்டியிருந்தான். வெளியூர். நல்ல பிள்ளை. ஓட்டல் அறை வாடகை வருஷா வருஷம் எப்படி ஏறும், இருபத்தைந்து வருஷத்தில் நாங்கள் எவ்வளவு கொட்டிக் கொடுப்போம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். கடைசி வரியில் வந்த தொகையைப் பார்த்து, ஏற்கெனவே வாடகை கொடுத்துவிட்டவன்போலச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பய நல்லா படிச்சிருக்கான்" என்று என் காதில் சொன்ன அண்ணாச்சி, பிறகு தன் கேள்விகளை ஆரம்பித்தார்.

"தம்பி, சாவி யாருட்ட இருக்கும்?"

"சாவி இல்ல சார். போகும்போது ரிசப்ஷன்ல கார்டு கொடுப்பாங்க."

"சரி. எந்த அறை?"

"குறிப்பிட்ட ரூம்னு கிடையாது சார். அப்போ எது ஃப்ரீயா இருக்கோ அது."

"மே மாசம் போனா?"

"மே பீக் சீசன் சார். முன்கூட்டியே புக் பண்ணணும். அவைலபிலிட்டி பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"வெள்ளையடிக்கது, குழாய் பாக்கது?"

"அதுக்கு வருஷா வருஷம் ஒரு மெயின்டனன்ஸ் சார்ஜ் இருக்கு சார். சின்ன அமௌன்ட்தான்."

"வீட்டுக்காரனுக்க வேலைக்கு குடியிருக்கவன் பைசா கொடுக்கதா?" என்று அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மலைப்பக்கத்து வழக்கம் வேறாக இருக்கும் என்று அதையும் பொறுத்துக்கொண்டார். "அறையக் காட்டு" என்றார்.

பையன் டேப்லெட்டில் வீடியோ போட்டான். பனிமலை, நீச்சல்குளம், வெள்ளைக் கட்டில். அண்ணாச்சி அந்தக் கண்ணாடியைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எப்படிடே படுத்துப் பாக்கது?"

பையனுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். விளக்கிய பிறகும் புரியவில்லை. அவன் மேனேஜரிடம் ஓடினான். அந்த மேனேஜர் எத்தனையோ வாடிக்கையாளர்களைச் சமாளித்தவராக இருக்க வேண்டும். சிரித்தபடி, இந்த ஓட்டலிலேயே அதே தரத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது, பார்க்கலாம் என்றார்.

மூன்றாவது மாடி. கடல் பார்த்த அறை. பட்டுப்போன்ற மெத்தை. அண்ணாச்சி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார். ஜன்னலைத் திறந்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் துண்டை விரித்துப் படுத்தார். ஐந்தாவது நிமிஷம் குறட்டை கேட்டது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பையன் டையைத் தளர்த்தினான், பிறகு கழற்றியே விட்டான். இருபதாவது நிமிஷம் அண்ணாச்சி யாரும் எழுப்பாமல் எழுந்தார். துண்டை உதறினார்.

"கொள்ளாம்" என்றார்.

ஜாஸ்மினின் முகத்தை அப்போது பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

கீழே வந்தோம். தாள்களை விரித்தார்கள். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். மணி அடிப்பவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். அண்ணாச்சி மட்டும் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒத்தி எழுதுவதற்கு முன்னால் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து விஷயத்தை வாயால் உரக்கச் சொல்லிச் சம்மதம் கேட்பது அவருடைய பழக்கம். தாளில் எழுதியதை யாரும் வாசிப்பதில்லை, காதில் விழுந்ததை மறக்க முடியாது என்பார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தொகை நாலு லட்சம். காலம் இருவத்தஞ்சு வருஷம். காலம் முடிஞ்ச அன்னைக்கு இவரு இடத்த ஒப்படைக்கணும், நீங்க நாலு லட்சத்தையும் குறைவில்லாம இவரு கையில தரணும். ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

நான் "சம்மதம்" என்றேன்.

பையன், "எந்த நாலு லட்சம் சார்?" என்றான்.

பக்கத்து மேஜையில் யாரோ கையெழுத்துப் போட்டார்கள். கூடமே கைதட்டியது. அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை.

"இவரு இப்பம் தாற நாலு லட்சம்."

"அது மெம்பர்ஷிப் சார். திரும்ப வராது சார்."

"அப்பம் முடிஞ்ச பொறவு இவரு கையில என்ன இருக்கும்?"

பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இருபத்தஞ்சு வருஷத்து நினைவுகள் சார்" என்றார்.

"ஓர்மைக்கு நாலு லட்சமா?" என்றார் அண்ணாச்சி, உண்மையான வியப்போடு. "எனக்கு சும்மாவே வருகே!"

நான் பேனாவை மூடினேன். மணிக்காரர் மணியைக் கீழே வைத்தார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஏமாற்று வேலை என்று குதித்திருப்பார்கள். நான் குதிக்கத் தயாராகத்தான் இருந்தேன். அண்ணாச்சி அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ ஒரு பொய்யும் சொல்லல்ல. நாங்கதான் எங்க ஊர் வழக்கத்த உனக்க தாள்ல வாசிச்சிட்டோம். வருஷம் தவறாம, கூட்டு குடும்பமா, முன்னாலயே தேதி குறிச்சு போறவனுக்கு இது நஷ்டமில்ல. அவன் வாங்கலாம்" என்றார். பிறகு என்னைக் காட்டி, "இவன் போறவனில்ல. போகாத இடத்துக்கும் வருஷா வருஷம் பராமரிப்பு கட்டிட்டு வீட்டுல கிடப்பான்" என்றார்.

அதோடு விடவில்லை. பையன் எங்கே தங்கியிருக்கிறான் என்று விசாரித்தார். லாட்ஜில், தினவாடகை. "அநியாயம்!" என்று சாவிக்கொத்தை எடுத்தார். அடுத்த வாரமே அவனுக்குக் கோட்டாற்றில் ஒரு மாடி அறை பார்த்துக் கொடுத்தார், படுத்துப் பார்த்துத்தான். எங்கள் மேஜையில் அன்றைக்கு முடிவான ஒரே வியாபாரம் அதுதான். பரிசாகக் கொடுத்த ஹாட்பாக்ஸை அக்கா மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது நான் ஒரே உற்சாகமாக இருந்தேன். நாலு லட்சம் தப்பியதல்லவா! சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே ஓட்டினேன். கொட்டாரம் தாண்டும்போதுதான் ஜாஸ்மின் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது உறைத்தது. சாயாக்கடையில் நிறுத்தினேன். பழபஜ்ஜி வாங்கினேன். அவள் தொடவில்லை.

"என்ன பிள்ளே?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி." தட்டைத் தள்ளி வைத்தாள். "நீங்க சொன்னது நியாயந்தான். பணம் தப்பிச்சு. ஆனா அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருந்தா எனக்கு ஒரு தேதியாவது இருந்திருக்கும். பணம் கட்டியாச்சேன்னு பயந்தாவது இவங்க கூட்டிட்டுப் போயிருப்பாங்க. பன்னெண்டு வருஷமா அடுத்த லீவு, அடுத்த லீவுன்னு கேட்டு எனக்கு வயசாயிட்டு."

நான் சாயா டம்ளருக்குள் பார்த்தேன். தலையை உள்ளே விட இடமில்லை.

அண்ணாச்சி தோளிலிருந்து துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், "அவ சொல்லுகதாக்கும் காரியம்" என்றார். "நான் பணத்த மட்டும் பாத்தேன். அந்தப் பயலுக்க ஏற்பாட்டுல ஒரு நல்லது உண்டும். ஆள கிளப்பி விடும். வாடகைக்கு போறது லாபந்தான், ஆனா போகணும்லா?"

சட்டைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"தேதி சொல்லு."

"எதுக்கு அண்ணாச்சி?"

"தேதி சொல்லுலே!"

என்னை அவர் 'லே' போட்டு அதட்டியது அதுதான் முதல்முறை. மே இரண்டாம் வாரம் என்றேன். எழுதிக்கொண்டார். "அட்வான்ஸ் அஞ்சாயிரம் எடு. மலைல அஞ்சு நாளைக்கு வாடகைக்கு வீடு நான் பாத்துத் தாறேன். போனா இது வாடகைல கழியும். பின்வாங்கினா அட்வான்ஸ் எனக்கு. வீடு பாத்துட்டு பின்வாங்குறவனுக்கு அட்வான்ஸ் கிடையாது, அதாக்கும் எங்க தொழில் நியாயம்."

சாயாக்கடை பெஞ்சில் வைத்துக் கொடுத்தேன். ஜாஸ்மின் பழபஜ்ஜியை எடுத்துக் கடித்தாள்.

சும்மா மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஏப்ரல் கடைசியில் வழக்கம்போல ஒரு பால்காய்ப்பு வந்தது, பெரியம்மா பேரனுடையது. போகாவிட்டால் பேச்சு வரும். அண்ணாச்சி வீட்டுக்குப் போய்த் தலையைச் சொறிந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பின்வாங்குகியா? சந்தோஷம் மக்கா. ஏட்டி, அந்த மிக்ஸிய எடுத்திரலாம்!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

விசாரித்தால், இருவரும் முந்தின நாளே கடைக்குப் போய் நிறம்கூடப் பார்த்து வைத்திருக்கிறார்கள். சிவப்பு. அக்கா வெளியே வந்து, "ஜாஸ்மின்ட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் பால்காய்ப்புக்குக் கவர் மட்டும் அனுப்பிவிட்டு மலைக்குப் போனேன்.

கொடைக்கானலுக்குக் கீழே ஒரு சிறிய ஊரில், காப்பித் தோட்டத்து ஓரம், இரண்டு அறை வீடு. அண்ணாச்சிக்கு அங்கேயும் ஒரு தரகர் சிநேகிதர். போனிலேயே அந்த மனிதரைத் தரையில் படுக்கவைத்து இருபது நிமிஷம் லைனில் இருந்திருக்கிறார். "தரை ரொம்பக் குளிருது" என்றாராம் அவர். "குளிரத்தான் வாறாங்க, நீரு காத்தச் சொல்லும்" என்றாராம் அண்ணாச்சி. ஜாஸ்மின் அங்கே ஐந்து நாளும் ஒரே வேலைதான் செய்தாள். காலையில் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்து பனி விலகுவதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம். பிப்ரவரி பிறந்தால் அண்ணாச்சி நோட்டோடு வந்துவிடுவார். "தேதி?" என்பார். எனக்குத் தெரிந்து யாருக்கும் இவ்வளவு கறாரான டைம்ஷேர் வாய்த்ததில்லை. ஒருமுறை கேட்டேன், நீங்களும் அக்காவும் கூட வாருங்களேன் என்று. "சாவிக்கொத்த எவன்ட்ட கொடுக்கது? இத்தன வீடு பூஞ்சை பிடிச்சிராதா?" என்று சிரித்தார். அக்கா சிரித்த மாதிரி தெரியவில்லை.

போன ஆடியில், காற்று ஊளையிட்டு அடித்த ஒரு மத்தியானம், பார்வதிபுரத்தில் ஒரு வீட்டில் துண்டை விரித்துப் படுத்தவர் இருபது நிமிஷம் கழித்து எழுந்திருக்கவில்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்து பக்கத்தில் நின்ற குடும்பம், அவர் பழக்கம் தெரிந்தவர்கள், மரியாதையாக மேலும் கால் மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது. அவருக்கு வந்திருந்தால் சிரிப்பு மட்டும்தான் வந்திருக்கும்.

இந்த வருஷம் பிப்ரவரியில் யாரும் வரவில்லை. மார்ச்சும் போயிற்று. எனக்குப் பழைய புத்தி எட்டிப் பார்த்தது, அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாமே என்று. அந்த நினைப்பு வந்த அன்றே சாயங்காலம் ஐயாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"தேதி எழுதிக்கிடுங்க அக்கா. மே ரெண்டாம் வாரம். நாலு டிக்கெட் போட வேண்டிய இடத்துல இத்தனை வருஷம் ரெண்டு போட்டது எங்க தப்பு. இந்த வருஷம் நீங்களும் வாறீங்க."

அவர் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு உள்ளே போய் அந்த நோட்டைக் கொண்டுவந்து தன் கையால் தேதி எழுதினார். "பின்வாங்கினா மிக்ஸி வாங்கிருவேன்" என்றார்.

போன வாரம் போய் வந்தோம், மூன்று பேருமாக. அதே காப்பித் தோட்டம், அதே வீடு. நான் பைகளை இறக்கி வைத்துவிட்டு நாற்காலி தேடினேன். அக்கா என்னைத் தடுத்தார். தன் பையைத் திறந்து அடியிலிருந்து எதையோ எடுத்தார். அண்ணாச்சியின் ஈரிழைத் துண்டு, துவைத்து மடித்தது. அதைத் தரையில் விரித்தார்.

"படுங்க" என்றார் என்னிடம்.

படுத்தேன். ஜாஸ்மின் வாசல்படியில் உட்கார்ந்தாள். அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து நின்றார்.

"காத்து வருகா?"

"வருகு அக்கா."

எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். இருந்தபோது ஒருநாளும் சொன்னதில்லை. இருபது நிமிஷம் ஆகிவிட்டது என்று அக்கா சொன்னார். நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.